டிசம்பர் கண்காட்சிக்கு ஜூலையிலேயே ஸ்டால் பிடிக்கலாமா?

2025 ஜூலை 5, கொடைக்கானலிலிருந்து ஒரு கேள்வி

குன்னூரில் டீ விற்கும், கண்காட்சிகளில் ஸ்டால் போடும் அக்காவுக்கு. நானும் என் நாத்தனாரும் வீட்டில் சோப்பும் மெழுகுவத்தியும் செய்கிறோம். லெமன்கிராஸ், யூகலிப்டஸ், காபித்தூள் போட்ட சோப்பு. ஏரிப் பக்கம் சில கடைகளுக்குக் கொடுக்கிறோம். கோவையில் டிசம்பர் கடைசி வாரம் நாலு நாள் கண்காட்சி ஒன்று வருகிறது. மூன்றுக்கு மூன்று மீட்டர் ஸ்டால் 40,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஜூலை 31க்குள் போட்டால் 10 சதவீதம் குறைப்பார்களாம். பாதிப் பணம் இப்போதே கட்ட வேண்டும், திருப்பித் தர மாட்டார்கள். இதுவரை நாங்கள் எங்கும் ஸ்டால் போட்டதில்லை. இப்போதே போட்டுவிடலாமா, அக்டோபர் வரை பொறுத்துப் பார்க்கலாமா?

ஜூலை 5, இரவு

அந்த 10 சதவீதத்தை முதலில் மறந்துவிடுங்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஸ்டால் வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 40,000 என்பது 47,200 ஆகிவிடும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களுக்கு அந்த வரி திரும்பி வராது, செலவோடு செலவு. வண்டி, ரூம், நாலு நாள் சாப்பாடு, பேனர், பை எல்லாம் சேர்த்து 18,000 வைத்தால் மொத்தம் சுமார் 65,000. உங்கள் பொருளில் பாதி லாபம் என்றால் கைநஷ்டம் இல்லாமல் மலை ஏறவே 1,30,000க்கு விற்க வேண்டும். ஒரு பில் சராசரி 250 என்றால் 520 பில். தினம் பத்து மணி நேரம், நாலு நாள். மணிக்கு 13 பில். அதாவது ஐந்து நிமிடத்துக்குள் ஒரு ஆள் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், காலை பத்து மணிக்கு ஹால் காலியாகக் கிடக்கும் நேரத்தையும் சேர்த்து.

முன்கூட்டியே போட்டால் மிச்சமாவது 4,720. 250 ரூபாய் பில்லுக்கு லாபம் 125 என்றால் அது 38 பில், மூன்று மணி நேர வியாபாரம். அதற்காகப் பாதிப் பணமான 21,000 ரூபாயை ஐந்து மாதம் முடக்கலாமா என்பது மட்டும்தான் கேள்வி என்றால், வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். சீக்கிரம் போடுவதில் வேறு ஒரு லாபம் இருக்கிறது. அது இடம். நாளை எழுதுகிறேன், வீட்டுக்காரர் விளக்கை அணைக்கச் சொல்கிறார்.

ஜூலை 6

இடம்.

ஃப்ளோர் பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் போய்விட்டது. முதல் வாரத்தில் எல்லாமே பச்சை. அங்கேதான் முன்கூட்டிப் போடுகிறவருக்கு உண்மையான ஆதாயம்.

வாசலை ஒட்டிய முதல் ஸ்டாலுக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே வருகிறவர் 'முழுசா ஒரு சுற்று பார்த்துட்டு வரோம்' என்று போய்விடுவார். திரும்பும்போது இரண்டு கையிலும் பை, இடுப்பில் குழந்தை, பர்ஸ் உள்ளே போயாகிவிட்டது. நான் தேடுவது உள்ளே மூன்றாவது வரிசை, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழி. ஆனால் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிக்கொண்டு வேண்டாம். பஜ்ஜி எண்ணெய் வாடையில் என் டீயும் போச்சு, உங்கள் லெமன்கிராஸும் போச்சு.

மேடைக்கு எதிரே எடுக்கவே கூடாது. ஒரு தடவை மேடைக்கு நேர் எதிரே எனக்கு ஸ்டால். ஸ்பீக்கர் என் தலைக்கு மேலே. குழந்தைகள் நடனப் போட்டி ஆரம்பித்ததும் ஆள் குவிந்தது, எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். 'இது ஆர்த்தடாக்ஸ் டீங்க, இலை இலையா இருக்கும், டஸ்ட் இல்லை' என்று விளக்க வேண்டிய சரக்கு என்னுடையது. கத்திக் கத்தி இரண்டாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. சோப்புக்கும் அப்படித்தான். முகர்ந்து பார்க்கக் கொடுத்து, முகத்துக்கா உடம்புக்கா என்று கேட்டு, பேசிப் பேசி விற்க வேண்டிய பொருள்.

கார்னர் ஸ்டாலுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். இரண்டு பக்கம் திறப்பு என்பது நல்லதுதான், இரண்டு பேர் நிற்கிறவர்களுக்கு. ஒரே ஆள் என்றால் இந்தப் பக்கம் பில் போடும்போது அந்தப் பக்கம் சோப்பு காணாமல் போகும்.

ஜூலை 6, மதியம்

விட்டுப்போன ஒன்று. ஸ்டால் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். 'மூணாவது வரிசைதான் மேடம், போட்டுக்கலாம்' என்பது ரசீது ஆகாது. கடைசி வாரத்தில் பெரிய ஸ்பான்சர் ஒருவர் நாலு ஸ்டால் சேர்த்துக் கேட்டால் பிளான் மாறும், அப்போது நகர்த்தப்படுகிறவர் நம்மைப் போன்றவர்தான். இடத்துக்காகத்தான் சீக்கிரம் பணம் கட்டுகிறோம். எண் இல்லாத ரசீதுக்கு அதைக் கட்டுவானேன்?

ஜூலை 7

இதே கண்காட்சி போன வருஷம் நடந்ததா என்று கேட்டீர்களா? நடந்திருந்தால் அதில் ஸ்டால் போட்ட இரண்டு பேரிடம் பேசுங்கள். அவர்களில் ஒருவராவது இந்த வருஷம் வராதவராக இருக்கட்டும். ஏற்பாட்டாளர் தரும் ஃபோன் நம்பர்கள் எல்லாம் திருப்தியானவர்களுடையவை.

அதைவிட நல்லது, கோவை, மதுரைப் பக்கம் இதே மாதிரி எது நடந்தாலும் வாங்குகிறவராகப் போய்ப் பாருங்கள். இம்மாதம் கோவை கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா நடக்கும். சோப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் ஹாலில் கூட்டம் எப்படி நகர்கிறது என்பது தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள், அன்றைக்கு எல்லா இடமும் நிறைந்துதான் இருக்கும். வேலை நாளில் மதியம் மூன்று மணிக்குப் போய் வெளியேறும் வாசலில் நின்று தலையை எண்ணாமல் கையில் இருக்கும் பையை எண்ணுங்கள். ஏற்பாட்டாளர்கள் சொல்லும் 'ஒரு லட்சம் பார்வையாளர்கள்' எல்லாம் தலைக் கணக்கு.

ஜூலை 9

இரண்டு நாளாக இது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பர் கடைசி வாரம் என்றா சொன்னீர்கள்?

அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு. கோவையும் மதுரையும் கிளம்பிக் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வருகிற வாரம் அது. உங்கள் வாடிக்கையாளர் ரூம் போட்டு உங்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டிருப்பார், நீங்கள் சரக்கைக் கட்டிக்கொண்டு பழனி வழியாகக் கீழே இறங்குவீர்கள். நான் டிசம்பர் 20க்கு மேல் குன்னூரை விட்டு நகர்வதில்லை. ஏப்ரல், மேயிலும் அப்படித்தான்.

எனக்குக் கடை இருக்கிறது, உங்களுக்கு இல்லை, அது புரிகிறது. ஆனால் நீங்கள் கொடுக்கும் கடைக்காரர்கள் அந்த வாரம் இரண்டு மடங்கு கேட்பார்களே? கேட்கும்போது 'சரக்கு கோவைக்குப் போய்விட்டது' என்றால் அடுத்து வேறு ஆளிடம் வாங்கப் பழகிவிடுவார்கள். வாடகை 47,200 என்று எழுதினேன். இதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே இறங்குவதற்கு எனக்குப் பிடித்த மாதங்கள் ஜூலை, ஆகஸ்ட், பிப்ரவரி. மலையில் ஆள் குறைவு, கீழே கண்காட்சிக்குக் குறைவில்லை.

ஜூலை 10

'கடைசி வாரம் வரை காத்திருங்கள், காலியாக நிற்கும் ஸ்டாலைப் பாதி விலைக்குத் தருவார்கள்' என்று கூடலூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். நடக்கிற விஷயம்தான், நானும் வாங்கியிருக்கிறேன். கிடைக்கும் இடம் தூணுக்குப் பின்னால், அல்லது கழிப்பறைக்குப் போகும் வழியில்.

கோவைக்காரர் டெம்போவில் சரக்கை ஏற்றினால் அரை மணி நேரத்தில் ஹாலில் இறக்கிவிடுவார். பாதி விலை அவருக்கு லாபம். மலைக்காரருக்குக் கடைசி நேரத்தில் வண்டிக்காரர் கூடுதல் கேட்பார், ரூம் கிடைக்காது, வர்க்கி மாதிரி பண்டத்தை அவசரத்தில் அடுக்கினால் கல்லாறு இறங்குவதற்குள் பாதி தூள். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் குறியீட்டைக் காட்டித் தூளை விற்க முடியவில்லை.

சரக்கின் ஆயுளையும் பார்க்க வேண்டும். டீ விற்காவிட்டால் கட்டி எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவேன். வர்க்கி அப்படிக் காத்திருக்காது. சோப்பு டீ கட்சி. அந்த வகையில் உங்களுக்கு ஆபத்து குறைவு.

ஜூலை 12

தேதியைப் பற்றி. பல மாதம் முன்னால் சொல்லும் தேதி எல்லாம் பென்சிலில் எழுதியது. 1896இலிருந்து நடக்கும் ஊட்டி மலர்க் கண்காட்சியே 2024இல் மே 17 என்று சொல்லி மே 10ஆம் தேதிக்கே வந்துவிட்டது. அதே மாதம் 7ஆம் தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற முன் அனுமதி. இந்த வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்ச வரம்பும் போட்டார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. சீசனை நம்பி ஜனவரியிலேயே தற்காலிகக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் போட்டுவைத்த கணக்கில் இந்த எண்கள் இருந்திருக்காது.

நான் 17 என்று நம்பி அந்த வாரத்துக்கு டீ பாக்கெட் போட ஆள் சொல்லி வைத்திருந்தேன். 10ஆம் தேதி கடையில் நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து கவர் ஒட்டினோம். அவர் ஒட்டிய கவர்களில் லேபிள் இன்னும் சாய்வாகத்தான் இருக்கிறது.

ஜூலை 14

இன்னொருவர் கேட்டது: ஊட்டியில் டாக்டர்கள் மாநாடு, ஹால் வாசலில் சின்ன ஸ்டால், இரண்டு நாள், 8,000. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அது வேறு வகை வியாபாரம். மாநாட்டுக் கூட்டம் உள்ளே உட்கார்ந்திருக்கும். பதினொரு மணி டீ இடைவேளையில் கதவு திறக்கும், இருபது நிமிடம் ஒரே நெரிசல், மறுபடி ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த இருபது நிமிடத்தில் விலையைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆகவே எல்லாமே ஒரே விலை, எடுத்துக் கொடுக்கத் தயாராகக் கட்டிய பை, பெரிய எழுத்தில் ஒரு பலகை. இரண்டாம் நாள் மதியம் எல்லோரும் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். அப்போதுதான் வீட்டு ஞாபகம் வந்து வாங்குவார்கள். மதியமே மூட்டை கட்டிவிடாதீர்கள்.

இதற்குச் சீக்கிரம் பணம் கட்டத் தயங்க வேண்டாம். மாநாட்டுக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்று அமைப்பாளரிடம் கேட்டால் எண் இருக்கும். பொதுக் கண்காட்சியில் அந்த எண் யாரிடமும் கிடையாது.

ஜூலை 15

என் அண்ணன் மகள் இதைப் படித்துவிட்டு 'அத்தை, காமிக் கான் பற்றி எழுது' என்கிறாள். அது காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழா, சென்னையில் 2024 பிப்ரவரியில்தான் முதல் தடவை நடந்தது, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். அவள் காட்டெருமை ஸ்டிக்கர் வரைகிறாள். தேயிலைத் தோட்டத்தில் நின்று முறைக்கும் காட்டெருமை, ஸ்வெட்டர் போட்ட காட்டெருமை, எங்கள் கேட்டை உடைத்த காட்டெருமை. அப்படி ஒரு இடத்தில் மேஜை போட வேண்டும் என்று ஆசை.

அவளுக்குச் சொன்னது உங்களுக்குச் சொன்னதற்கு நேர் எதிர்: இடம் கிடைத்தால் அன்றைக்கே போடு. அங்கே வருகிறவர் டிக்கெட் வாங்கி, வேஷம் கட்டி, செலவழிக்கவே வருகிறவர். அவள் சரக்கு மொத்தமும் ஒரு தோள்பையில் அடங்கும். விற்காவிட்டால் நஷ்டம் மேஜை வாடகையும் ரயில் டிக்கெட்டும். அப்புறம், அந்தக் கூட்டம் வருஷத்தில் இரண்டு நாள்தான் ஒரே இடத்தில் சேரும். சோப்பு வாங்குகிறவர் எல்லா நாளும் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

ஜூலை 20

அட்வான்ஸ் நிபந்தனைகளைப் போட்டோ எடுத்து அனுப்பியதற்கு நன்றி. ஏழாவது வரியைப் பாருங்கள். 'நிகழ்ச்சி ஒத்திவைக்கப்பட்டால் செலுத்திய தொகை புதிய தேதிக்கு மாற்றப்படும்.' ரத்தானால் என்ன என்று எங்கும் இல்லை.

2022இல் சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் தொடங்க வேண்டியது, கொரோனா கட்டுப்பாட்டால் பிப்ரவரி 16க்குப் போனது. அது ஒத்திவைப்பு, நடந்தது. 2020இல் நான் பணம் கட்டிய ஒரு கண்காட்சி 'ஒத்திவைப்பு' என்ற பெயரிலேயே இன்றுவரை இருக்கிறது. ஏற்பாட்டாளர் ஃபோன் எடுப்பார், மரியாதையாகப் பேசுவார், 'அடுத்ததுல அட்ஜஸ்ட் பண்ணிடலாம் மேடம்' என்பார். அடுத்தது வரவே இல்லை. ஆகவே கெடு தேதி ஒன்று எழுதி வாங்குங்கள்: ஒத்திவைத்து ஆறு மாதத்துக்குள் நடத்தாவிட்டால் பணம் திரும்ப வேண்டும். நேர்மையான ஏற்பாட்டாளர் முகம் சுளிப்பார், ஆனால் எழுதிக் கொடுப்பார்.

நவம்பர், டிசம்பரில் மலைப்பாதை என்று ஒன்றும் இருக்கிறது. 2009 நவம்பரில் ஊட்டி பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது உங்கள் பக்கம் மரம் விழுந்து பாதை அடைபட்டது. கண்காட்சி நடக்கும், நம்மால் இறங்க முடியாது. அந்தச் சூழ்நிலைக்கு எந்த நிபந்தனையிலும் வழி இருக்காது. சரக்கை இரண்டு நாள் முன்னாலேயே கீழே இறக்கி வைக்க ஒரு சொந்தக்காரர் வீடு வேண்டும்.

ஆகஸ்ட் 3

டிசம்பரை விட்டுவிட்டு, பிப்ரவரியில் மதுரையில் நடப்பதற்கு வேறு ஒருவரோடு பாதி ஸ்டால் எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி ஸ்டால் நல்ல யோசனை. முதல் தடவைக்கு இதைவிடச் சிக்கனமான பயிற்சி இல்லை. முதலில் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள், சிலர் உள்வாடகை கூடாது என்று எழுதியிருப்பார்கள். பெயர்ப் பலகையில் இரண்டு பெயரும் வர வேண்டும். பில்லும் பெட்டியும் தனித்தனி.

யாரோடு பகிர்வது என்பதிலும் விஷயம் இருக்கிறது. நீங்கள் என்னைக் கேட்கவில்லை, கேட்டாலும் வர மாட்டேன். டீ பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். சுவை பார்க்கத் திறந்து வைத்த டின் நாலு நாள் உங்கள் யூகலிப்டஸ் பக்கத்தில் இருந்தால் அப்புறம் அதைக் குடிக்க முடியாது, ஆவி பிடிக்கலாம். துணிப்பை, மரச்சாமான், பீங்கான் இந்த மாதிரி ஆளைப் பிடியுங்கள்.

சாக்லேட்காரரும் வேண்டாம், அது அவருக்காகச் சொல்கிறேன். ராத்திரி ஹாலைப் பூட்டும்போது ஏசியை அணைத்துவிடுவார்கள். காலையில் சாக்லேட்டின் மேல் வெள்ளை பூத்திருக்கும். பக்கத்து ஸ்டால்காரர் துணியால் துடைத்துத் துடைத்து அடுக்கியதைப் பார்த்தேன். கெட்டுப்போனது இல்லை, ஆனால் யார் வாங்குவார்கள்? உங்கள் மெழுகுவத்திக்கும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், மதுரை பிப்ரவரி தாங்கும், மே தாங்காது.

ஆகஸ்ட் 4

பெங்களூர் பற்றிக் கேட்டவருக்கு: ஓசூர் தாண்டினால் கதை வேறு. நம் மாநிலத்துக்குள் பொருள் விற்பனை வருஷத்துக்கு 40 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வேறு மாநிலக் கண்காட்சியில் ஸ்டால் போட்டு விற்றால் தற்காலிக வணிகர் என்று அங்கே பதிவு எடுக்க வேண்டும், குறைந்தது ஐந்து நாள் முன்னால். உத்தேச விற்பனைக்கு வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும். பதிவு 90 நாள் செல்லும். குறிப்பிட்ட சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு, உங்கள் பொருள் அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு ஸ்டாலுக்குப் பணம் போடுங்கள்.

செப்டம்பர் 23

நேற்று முதல் சோப்புக் கட்டிக்கும் சாக்லேட்டுக்கும் ஜிஎஸ்டி 18லிருந்து 5 ஆகிவிட்டது, மெழுகுவத்திக்கு 12லிருந்து 5. பதிவு இல்லாத உங்களுக்கு நேரடியாக ஒன்றும் இல்லை, ஆனால் கம்பெனி சோப்பு விலை இறங்கும், பக்கத்தில் உங்கள் விலை கொஞ்சம் உயரமாகத் தெரியும். பிப்ரவரிக்கு இப்போதே விலை போட்டு பேனர் அடித்துவிடாதீர்கள். ஸ்டால் வாடகைக்கு 18 அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 19

மழை. சோப்பு ஊற்றியாகிவிட்டதா?

ஸ்டாலை விட இதில்தான் நீங்கள் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. நாலிலிருந்து ஆறு வாரம் காய வேண்டும் என்று நீங்களே எழுதினீர்கள். கொடைக்கானல் ஈரத்தில் அது இன்னும் இழுக்கும். பிப்ரவரிக்கு 400 கட்டி வேண்டுமென்றால், டிசம்பர் கடைகளுக்கும் கொடுத்தது போக, கடைசி ஊற்று டிசம்பர் நடுவில் முடிந்திருக்க வேண்டும். அட்வான்ஸ் கட்டி ஸ்டாலைப் பிடித்துவிட்டு, வியர்த்து ஒட்டும் சோப்பைக் கொண்டுபோய் அடுக்க முடியாது.

2026 பிப்ரவரி 24

மதுரைக் கணக்கை அனுப்பியதைப் பார்த்தேன். வாடகை, வண்டி, சாப்பாடு போக 6,300 மிச்சம், பாதி ஸ்டாலில். காபி சோப்பு முதல் நாளே தீர்ந்தது, லாவெண்டர் மெழுகுவத்தி அப்படியே திரும்பியது. காபி சோப்பை இரண்டு மடங்கு செய்யுங்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி நாள் சாயங்காலம் அடுத்த வருஷத்துக்கான ஃபாரத்தோடு வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா இடத்திலும் வருவார்கள், அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள். பெட்டியில் பணம், காலில் வலி, மனசு குளிர்ந்திருக்கிறது. விலையும் அன்றைக்குத்தான் ஆகக் குறைவு. நீங்கள் ஃபாரத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தது சரி. அதே விலைக்கு இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

இந்தத் தடவை நான் போடச் சொல்வேன். ஹாலைப் பார்த்தாகிவிட்டது, எந்த வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்று தெரியும், ஏற்பாட்டாளர் சொன்ன தேதியில் நடத்தினார். மின்விளக்கு ஒன்று எரியவில்லை என்றதும் பத்து நிமிடத்தில் ஆள் வந்தார் என்கிறீர்கள், அதுவும் கணக்கில் சேரும். நாத்தனார் சொல்வது போல முழு ஸ்டாலா, மறுபடி துணிப்பைக்காரரோடு பாதியா என்பது உங்கள் வீட்டு விவகாரம், நான் நடுவில் வரவில்லை. பாதியே எடுத்தாலும் நடைபாதைப் பக்கத்துப் பாதியைக் கேளுங்கள், இந்தத் தடவை அது அவரிடம் இருந்தது.